கருப்பதிதலும் வளர்ச்சிக் காரணிகளும்

கருவுற்ற முட்டை பல செல்களாகப் பிளந்து, கருக்கோளம் என்னும் நிலையை அடைந்து, கருப்பையின் உட்சுவரில் ஒட்டிப் புதைவது கருப்பதிதல் எனப்படும். மனிதரில் முட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ 6 முதல் 10 நாள்களில் இது தொடங்குகிறது. உட்சுவர் கருவை ஏற்கும் காலம் சில நாள்களே. புரோஜெஸ்டிரோன் சுவரைப் பக்குவப்படுத்துகிறது. கருவும் சுவரும் வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள் வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. உரிய ஏற்பி உள்ள செல் மட்டுமே அச்செய்தியைப் பெறும்.

தொடக்கம்

1962-இல் ஸ்டான்லி கோகன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதைச் செலுத்திய எலிக்குட்டிகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறந்தன. அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இத்துறைப் பணிக்காக அவரும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எலிகள் காட்டிய வழி

பெண்ணின் கருப்பையில் கரு பதியும் தருணத்தை நேரில் ஆராய இயலாது. ஆகவே ஆய்வாளர் எலிகளை நாடினர். லியூக்கேமியா தடுப்புக் காரணி (லிஃப்) எனும் புரதம், எலியின் கருப்பைச் சுரப்பிகளில் கரு பதிவதற்குச் சற்று முன் மிகுவதை 1991-இல் காலின் ஸ்டூவர்ட் குழுவினர் கண்டனர். 1992-இல் லிஃப் மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகளை அவர்கள் ஆராய்ந்தனர். கரு உருவானது, பதியவில்லை. குறை விதையிலா, நிலத்திலா? அக்கருக்களை இயல்பான எலிகளின் கருப்பைக்கு மாற்றியபோது அவை பதிந்து வளர்ந்தன. குறை நிலத்தில்தான் இருந்தது.

1994-இல் எஸ். கே. தாஸ், எஸ். கே. டே ஆகியோரின் குழு மற்றோர் உண்மையைக் கண்டறிந்தது. ஹெப்பாரினுடன் இணையும் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, எலியின் கருப்பை முழுவதிலும் தோன்றுவதில்லை. கருக்கோளம் ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அதை அடுத்துள்ள சுவர்ச் செல்களில் மட்டும் தோன்றுகிறது. அதற்கான ஏற்பி கருக்கோளத்தில் உள்ளது.

மனிதரில்

மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில், சுவர் கருவை ஏற்கும் நாள்களை ஒட்டி, பெண்களிலும் இவ்விரு புரதங்களும் மிகுகின்றன. எனவே லிஃப் மருந்தாகலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் காரணம் தெரியாமல் பலமுறை தோல்வி கண்ட பெண்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. கரு பதியும் வாய்ப்பு உயரவில்லை.

இதில் தெளிவான பாடம் உண்டு. அந்த எலிகளிடம் லிஃப் அறவே இல்லை. அப்பெண்களின் நிலை அதுவன்று. மேலும், உடல் செய்தியைத் தூண்டுவதோடு அடக்கவும் செய்கிறது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்றைக் கருப்பையின் உட்சுவரே சுரந்து, அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே காரணியின் அளவு மட்டும் போதாது. அது தோன்றும் நேரமும் இடமும் ஏற்பியும் பொருந்த வேண்டும். எலியில் பலித்த ஒன்றை, மனிதரில் சோதித்து உறுதிசெய்யும் முன் சிகிச்சையாகக் கொள்ள இயலாது.