மூச்சடக்கி முக்குளித்தல்: ஆபத்துகளும் டைவ் கம்ப்யூட்டரும்

மூச்சடக்கி முக்குளித்தல் என்பது காற்று உருளையின்றி, ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏறும் முறை. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் இப்படித்தான் மூழ்கினர்.

இதன் பெரிய ஆபத்து நினைவிழப்பு. இறங்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ஆக்சிஜன் அவ்வளவாகக் கூடுவதில்லை. மூச்சுமுட்டலைப் பெரிதும் தூண்டுவது கரியமில வாயு என்பதால், எச்சரிக்கை வருமுன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிடலாம். மேலேறும்போது நிலைமை இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்தில் இருமடங்காக இருந்த அழுத்தம் மேற்பரப்பில் பாதியாகிவிட, நுரையீரலிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் சரிகிறது. தேர்ந்தவர்களும் கடைசிச் சில மீட்டரில் மயங்குவது இதனால்தான்.

பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து தீவுகளில் நாள் முழுதும் திரும்பத் திரும்ப மூழ்கிய முத்துக்குளிப்போருக்குத் தலைச்சுற்றல், பக்கவாதம், சிலருக்கு மரணம்கூட நேர்ந்தது. ‘தாரவானா’ எனப்படும் இந்நோய்க்கு உடலில் நைட்ரஜன் சேர்வதே காரணம் எனக் கருதப்படுகிறது.

டைவ் கம்ப்யூட்டர் என்ற கருவி ஆழம், நேரம், மேற்பரப்பு ஓய்வு ஆகியவற்றைக் காட்டும்; இரத்த ஆக்சிஜனை அளக்காது. மூழ்கிய நேரத்தைப்போல் இருமடங்காவது மேலே ஓய்வெடுக்க நினைவூட்டுவதே அதன் உருப்படியான பயன். காற்று உருளையுடன் மூழ்கும் ஸ்கூபாவிலும் உடலில் நைட்ரஜன் சேர்வதால், அதை முடித்த கையோடு மூச்சடக்கி மூழ்கக் கூடாது. பயிற்சிபெற்ற துணையாள் அருகிலிருந்து கவனிப்பதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது.