ரன் யார் கணக்கில்? தலைமுறையின் சிறந்த பிட்சர் பற்றிய வாதத்தின் வரலாறு

ஒரு தலைமுறையின் தலைசிறந்த பிட்சர் (பந்தெறிபவர்) யார் என்ற வாதம் அமெரிக்க பேஸ்பாலில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. எதிரணி எடுத்த ரன்களில் எத்தனைக்குப் பிட்சர் பொறுப்பு, எத்தனைக்குக் களத்தடுப்பாளர்கள் பொறுப்பு, அணி வென்றதில் அவர் பங்கு எவ்வளவு? ஒவ்வொரு காலமும் இதற்கு வேறு விடை தந்தது. விடை மாறியபோதெல்லாம் சிறந்தவர் பட்டியலும் மாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேஸ்பாலுக்குக் கணக்கெழுதும் பழக்கத்தை வளர்த்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 1824இல் பிறந்து, சிறுவயதில் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தவர். கிரிக்கெட் செய்தியாளராகத் தொடங்கி, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை முறையை பேஸ்பாலுக்குக் கொண்டுவந்தார். எனினும் அக்காலத்து ரசிகர் மனத்தில் நின்ற எண் வெற்றிதான். ஓர் ஆட்டத்தின் வெற்றியை ஒரே பிட்சரின் பெயரில் எழுதுவது வழக்கமாயிற்று. 1890 முதல் 1911 வரை எறிந்த சை யங்கின் கணக்கில் 511 வெற்றிகள் உள்ளன. இன்றுவரை எவரும் அதை நெருங்கவில்லை. 300க்கு மேற்பட்ட தோல்விகளோடு தோல்விப் பட்டியலிலும் அவரே முதலிடம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வெற்றி எண்ணிக்கை மட்டும் போதாது என்ற உணர்வு அப்போதே இருந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்னை, களப்பிழையால் வந்தவற்றைக் கழித்துக் கணக்கிடும் ஈ.ஆர்.ஏ. என்ற ரன் சராசரியை, பெரிய லீக்குகள் இரண்டில் ஒன்றான நேஷனல் லீக் 1912இல் அதிகாரபூர்வமாக ஏற்றது. அடுத்த ஆண்டே அமெரிக்கன் லீக்கும் பின்பற்றியது. 1936இல் புகழ்மண்டபத்துக்கு முதல் ஐவரைத் தேர்ந்தபோது பிட்சர்களில் வால்டர் ஜான்சனும் கிறிஸ்டி மாத்யூசனும் இடம்பெற்றனர். ஜான்சனுக்கு 417 வெற்றிகள், மாத்யூசனுக்கு 373. 511 வெற்றி பெற்ற சை யங் அடுத்த ஆண்டுவரை காத்திருந்தார். எண்ணிக்கைக்கும் மேன்மைக்கும் இடையே இடைவெளி உண்டு என்று வாக்களித்தோர் கருதியிருக்கலாம்.

அந்த வாதம் முழுவதும் வெள்ளையர்களுக்குள்ளேயே நடந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். 1906இல் பிறந்த சாட்சல் பெய்ஜ், நிறவேலியால் கறுப்பர் லீக்குகளில் தம் உச்சகாலத்தைக் கழித்தார். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947இல் அந்த வேலியைத் தாண்டியபின், 1948இல் தமது 42ஆம் வயதில்தான் கிளீவ்லாந்து அணிக்காகப் பெரிய லீக்கில் எறிந்தார். 1920 முதல் 1948 வரையிலான கறுப்பர் லீக்குகளின் புள்ளிவிவரங்கள் 2024இல்தான் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட 'தலைமுறையின் சிறந்தவர்' பட்டியல் எதையும் முழுமையானதாக ஏற்க முடியாது.

சை யங் 1955இல் மறைந்தார். அவர் பெயரிலான விருது 1956இல் தொடங்கியது. முதல் விருதைப் பெற்றவர் 27 வெற்றி, 7 தோல்வியோடு ஆண்டை முடித்த டான் நியூகோம்ப் என்ற கறுப்பினப் பிட்சர். 1966 வரை இரு லீக்குகளுக்கும் சேர்த்து ஒரே விருதுதான். வாக்களிக்கும் செய்தியாளர் ஒவ்வொருவரும் அப்போது ஒரே பெயரைத்தான் எழுத முடிந்தது. இந்த விதியால் மிகவும் இழந்தவர் ஹுவான் மாரிச்சல். 1960களில் மிக அதிக வெற்றிகளை (191) ஈட்டியவர் அவரே. 1963இல் 25, 1966இல் 25, 1968இல் 26 வெற்றிகள். ஆனால் முதலிரு ஆண்டுகளிலும் சாண்டி கூஃபாக்ஸ் குறுக்கே நின்றார், மூன்றாவதில் பாப் கிப்சன். இரண்டாமிடத்துக்கு வாக்கே இல்லாத முறையில் மாரிச்சலின் பெயர் பதிவாகவே இல்லை.

1968 தனியாகப் பேசவேண்டிய ஆண்டு. கிப்சனின் ரன் சராசரி 1.12. அமெரிக்கன் லீக்கில் .301 என்ற மட்டைச் சராசரியே முதலிடம் பெறப் போதுமானதாக இருந்தது. மறு ஆண்டு, பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். விதியும் மைதானமும் மாறும்போது எண்ணின் பொருளும் மாறும் என்பதை ஆய்வாளர் உணரவேண்டிய இடம் இது. இதற்கு நேர்மாறாக, 2000ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக்கின் மொத்த ரன் சராசரி 4.91. ஹோம் ரன்கள் மழையாகக் கொட்டிய காலம். அதே லீக்கில் பாஸ்டனின் பெட்ரோ மார்டினெஸ் 1.74இல் முடித்தார். இரண்டாமிடத்தில் இருந்த ரோஜர் கிளமென்ஸின் சராசரி 3.70. கிப்சன் தம் லீக்கின் சராசரியைவிட ஏறத்தாழ 1.9 ரன் குறைவாகக் கொடுத்தார், மார்டினெஸ் 3.2 ரன் குறைவாக. ஒரே பருவத்தை வைத்து எடைபோட்டால் மார்டினெஸின் அந்த ஆண்டே பேஸ்பால் கண்ட மிக உயர்ந்த சாதனை என்பது என் முடிவு.

வெற்றி எண்ணிக்கையின் பிடி தளர்ந்ததை இரண்டு வாக்கெடுப்புகள் காட்டுகின்றன. 1990இல் 27 வெற்றி பெற்ற பாப் வெல்ச்சுக்குச் சை யங் விருது கிடைத்தது. அவர் ரன் சராசரி 2.95. தோற்ற கிளமென்ஸின் சராசரி 1.93. இருபதாண்டு கழித்து, 13 வெற்றி, 12 தோல்வி மட்டுமே கொண்ட ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ், 21 வெற்றி பெற்ற சபாத்தியாவை முந்தி விருது பெற்றார். எர்னாண்டஸின் சியாட்டில் அணி அவ்வாண்டு எடுத்த ரன்கள் 513, எல்லா அணிகளிலும் மிகக் குறைவு. மட்டையாளர்கள் கைவிட்டதற்குப் பிட்சரைத் தண்டிக்க வாக்காளர்கள் மறுத்தார்கள்.

இந்த மாற்றத்தின் பின்னணியில் சிந்தனை மாறியிருந்தது. பில் ஜேம்ஸ் 1977 முதல் வெளியிட்ட ஆண்டுமலர்கள் புள்ளியியல் நோக்கைப் பரப்பின. 2001இல் வோரஸ் மெக்கிராக்கன், மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்தின் கதி பெரும்பாலும் பிட்சர் கையில் இல்லை என்று வாதிட்டார். ஸ்டிரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகிய மூன்றே பிட்சருடைய சொந்தக் கணக்கு. இக்கருத்து பின்னர் திருத்தப்பட்டாலும் அதன் அடிப்படை நிலைத்தது. 2018இல் பத்தே வெற்றியுடன், 1.70 சராசரியில் டிகிராம் என்ற பிட்சர் சை யங் விருதுக்கான முப்பது முதலிட வாக்குகளில் 29ஐப் பெற்றபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். கிளேட்டன் கெர்ஷா, ஜஸ்டின் வெர்லாண்டர், மேக்ஸ் ஷெர்சர் மூவருமே தலா மூன்று முறை சை யங் விருது பெற்றவர்கள். வெர்லாண்டர் 250 வெற்றிகளைத் தாண்டியவர். நீடித்து உழைத்ததில் மற்ற இருவரையும் மிஞ்சியவர். கெர்ஷாவுக்கு எதிராகச் சொல்லப்படுவது இறுதிச்சுற்று ஆட்டங்களில் 4க்கு மேல் போன ரன் சராசரி. அந்தக் குறை உண்மையானது. ஆனால் அது அவர் எறிந்த மொத்த இன்னிங்ஸில் சிறு பகுதி. 2011 முதல் 2014 வரை நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து இரு லீக்குகளிலும் மிகக் குறைந்த ரன் சராசரி அவருடையதே. 2014இல் நேஷனல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்றார். கிப்சனுக்குப் பின் அந்த லீக்கில் அதைப் பெற்ற முதல் பிட்சர் அவர். 2025இல் ஓய்வுபெற்றபோது வாழ்நாள் சராசரி 2.53. 1920க்குப் பின் 2,000 இன்னிங்ஸ் கடந்த தொடக்கப் பிட்சர்களில் இதைவிடக் குறைந்த சராசரி எவருக்கும் இல்லை. பிட்சரின் பொறுப்பில் உள்ளதை மட்டும் அவர் கணக்கில் வைத்தால், இத்தலைமுறையின் முதலிடம் கெர்ஷாவுக்கே உரியது.