இரத்மலானையில் எரிந்த விமானம்

1978ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் நாள், இலங்கை வரலாற்றிலே இரண்டு காரணங்களால் நினைக்கப்படும் நாளாகும். அன்றுதான் நாட்டின் இரண்டாவது குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், கொழும்பு நகருக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமான நிலையத்திலே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தரித்து நின்ற எயர் சிலோன் நிறுவனத்தின் அவ்ரோ விமானமொன்று, அதனுள் மறைத்து வைக்கப்பட்டிருந்த நேரக் குண்டு வெடித்ததனால் தீப்பற்றி அழிந்தது. பயணிகள் யாவரும் முன்னரே இறங்கிச் சென்றுவிட்டனர். ஆதலால் உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை. விமானம் மாத்திரமே எரிந்தது.

உயிர்ச்சேதம் இல்லாதபடியால் இந்நிகழ்ச்சியைப் பலர் விரைவில் மறந்துவிட்டனர். ஆனால் அன்று எரிந்தது யாது என்பதை அறிய வேண்டுமாயின், அவ்விமானம் ஓடிய பாதையின் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

இரத்மலானையில் முதன்முதலாக ஒரு விமானம் வந்திறங்கியது 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலாகும். சிறிய அந்த விமானம் சென்னையிலிருந்து வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்களுக்குக் குறைவான காலமே எஞ்சியிருந்த வேளையில், 1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் சேவை ஆரம்பமாயிற்று. டக்கோட்டா விமானமொன்று இரத்மலானையிலிருந்து எழுந்து, யாழ்ப்பாணத்திலே தங்கி, அங்கிருந்து சென்னை சென்றது. யாழ்ப்பாணத்தில் அது இறங்கிய இடம் பலாலி. இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த ஓடுபாதை அங்கே இருந்தது. அந்நாளில் அதனைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றும் வழங்குவர்.

புதிய தேசத்தின் விமான சேவை தன் முதலாவது பயணத்துக்குத் தெரிந்தெடுத்த வழி, தலைநகரையும் வடபுலத்தையும் இணைத்த வழியே என்பது சிந்தித்தற்குரியது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தைப் புகைவண்டியிலே கடக்க ஒரு பகற்பொழுதோ ஓரிரவோ செல்லும். விமானமோ அத்தூரத்தைச் சற்றேறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கடந்தது. நாட்டின் இரு முனைகளும் அதனால் அண்டை அயலாயின. பின்னர் டக்கோட்டாவின் இடத்துக்கு அவ்ரோ வந்தது. விமானம் மாறினும் வழி மாறவில்லை. 1978இல் எரிந்தது அந்த வழியிலே ஓடிய விமானமே.

அதனை எரித்தோர் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தினர். 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பெயருடன் உருவாகிய அவ்வியக்கம் அப்பொழுது மிகச் சிறியதொரு குழுவே. அதன் பின்னணியிலே நீண்டதொரு மனக்குறை இருந்தது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆகியன தமிழ் மக்களின் நெஞ்சிலே வடுவை உண்டாக்கின. 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்று, அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான வன்செயல்கள் நாட்டின் பல பாகங்களிலும் மூண்டன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றதாயினும், அரசகரும மொழியாகச் சிங்களத்தை மாத்திரமே வைத்தது. அது நடைமுறைக்கு வந்த நாளிலேயே குண்டு வெடித்தது. அந்நாளைத் தெரிந்தெடுத்தோர் அதனை ஓர் எதிர்ப்புக் குரலாகவே கருதினர்.

மனக்குறை உண்மையானதே. எனினும் அம்மனக்குறையைச் சொல்லத் தெரிந்தெடுத்த கருவி எத்தகையது? யாழ்ப்பாணத்துத் தமிழர் ஏறி இறங்கிய விமானம் அது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த மகன், வைத்தியத்துக்காகத் தலைநகர் சென்ற தாய், வழக்கு விடயமாகச் சென்ற வணிகர் எனப் பலதரப்பட்டோர் பயன்படுத்திய வழியின் வாகனம் அது. அவர்கள் அமர்ந்து வந்த அதே விமானத்திலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கடிகார முள் சிறிது பிழைத்திருந்தால், அல்லது ஒரு பயணம் சிறிது தாமதித்திருந்தால், நிகழ்ந்திருக்கக்கூடியது யாது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். உயிர்ச்சேதம் நேராமை வைத்தவரின் கருணையா, தற்செயலா என்று பிரித்தறிய இயலாது. கடிகாரத்துக்கு மனிதரைத் தெரியாது.

இதன் பின்னர் அடக்குமுறை கடுமையாயிற்று. 1979ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்திலே அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு இராணுவத்துக்குக் கட்டளை பிறந்தது. தற்காலிகமானது என்று கூறப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. விசாரணையின்றி நீண்ட காலம் தடுத்து வைக்கப்பட்ட இளைஞர் தொகை பெருகியது. குண்டுக்கும் அடக்குமுறைக்குமிடையே அகப்பட்டோர் பொதுமக்களே.

எட்டு ஆண்டுகள் உருண்டோடின. 1986ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள். இடம் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையம். இலண்டனிலிருந்து வந்த எயர் லங்காவின் டிரைஸ்டார் விமானம் மாலைதீவுக்குப் புறப்பட ஆயத்தமாகி நின்றது. பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது அதனுள் குண்டு வெடித்தது. விமானத்தின் உடல் இரண்டாக முறிந்தது. 21 பேர் மாண்டனர், 41 பேர் காயமுற்றனர். மாண்டோருட் பல நாட்டவர் இருந்தனர். அவர்களுள் மிகப் பலருக்கு இலங்கையின் இனப் பிணக்கு யாதென்றே தெரிந்திராது. புறப்பாடு தாமதமாகாதிருந்தால் குண்டு கடலின்மேல் நடுவானில் வெடித்திருக்கும் என்று கருதப்பட்டது. இந்தியாவின் நடுவாண்மையிலே சமாதான முயற்சி நடந்துகொண்டிருந்த வேளை அது. அரசாங்கம் விடுதலைப் புலிகள்மீது குற்றஞ் சாட்டியது.

1978இன் குண்டுக்கும் 1986இன் குண்டுக்கும் முறையிலே வேறுபாடில்லை. இரண்டும் தரையில் நின்ற பயணிகள் விமானத்துள் ஒளிக்கப்பட்டவை. முதலாவதில் ஆசனங்கள் வெறுமையாயிருந்தன, இரண்டாவதில் மனிதர் இருந்தனர். இவ்வளவே வேறுபாடு. வெறும் ஆசனங்களை எரிப்பதைச் சாமர்த்தியமென மெச்சும் சமூகம், ஆட்களிருக்கும் ஆசனங்கள் எரியும் நாளையும் தானறியாமலே அருகில் அழைத்துக்கொள்கின்றது.

2001ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் கட்டுநாயக்காவில் நடந்த தாக்குதலிலே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பயணிகள் விமானங்கள் மீண்டும் அழிந்தன. அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரம், சுதந்திரத்தின் பின் முதற்றடவையாகச் சுருங்கியது. அச்சுமை வடக்கென்றும் தெற்கென்றும் பாராது ஏழையின் அடுப்பிலேயே வந்து விழுந்தது.

யுத்தம் 2009இல் முடிந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதம் அங்கே சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கியது. 1947இலே தொடங்கிய வழியின் ஒரு பாதி மீண்டும் உயிர் பெற்றது. பெருநோய்க் காலத்திலே தடைப்பட்ட அச்சேவை 2022 டிசெம்பரில் மறுபடியும் ஆரம்பமாயிற்று.

வழியொன்றை அழிக்க ஒரு கடிகாரமும் ஒரு பிடி வெடிமருந்தும் போதும். அதனை மீட்க ஒரு தலைமுறைக்கு மேற் செல்கின்றது. நியாயம் கேட்போர் தம் சொந்த மக்கள் நடக்கும் வழியை எரித்தலாகாது. நியாயம் வழங்க வேண்டியோர் அவ்வழி எரியும்வரை காத்திருத்தலுமாகாது. இரத்மலானையின் ஓடுபாதையருகே அன்று எழுந்த புகை இரு சாராருக்கும் விடுத்த எச்சரிக்கை இதுவேயாகும்.