'தூர்த்து' முதல் 'துரபிமானம்' வரை: திருவனந்தபுரத்தில் தமிழர்களைக் குழப்பும் சொற்கள்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேரும் தமிழர்களுக்கு முதல் மாதத்திலேயே பாதி மலையாளம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். வம்பே அந்தப் பாதியில்தான். ஆடம்பரம், திமிர், கொழுப்பு, அபிமானம் என்று காதில் விழுவதெல்லாம் 'அட, நம்ம வார்த்தைதானே' என்று தோன்றும். ஆனால், ஒருவர் அளவு மீறிப் போகிறார் என்று சொல்லும் இந்த வகைச் சொற்களில் அகராதிப் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது. அது திட்டா, பாராட்டா, யாரைப் பார்த்துச் சொல்வது என்றும் தெரிய வேண்டும். களியக்காவிளையைத் தாண்டியதும் மாறுவது அதுதான்.

(கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. 1956 நவம்பர் 1 வரை அவர்கள் ஊரும் திருவனந்தபுரத்திலிருந்தே ஆளப்பட்டது.)

செய்திச் சேனலில் தினமும் வரும் 'தூர்த்து' என்றால் என்ன?

தமிழ்க் காதுக்கு 'தூர்த்து' என்றால் கிணற்றை மண் போட்டு மூடுவதுதான் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது ஊதாரித்தனம். மூலம் சமஸ்கிருதத்தின் 'தூர்த்த' என்ற சொல். அதே சொல் இந்தியில் தந்திரக்காரனைக் குறிக்கிறது. பழைய தமிழில் 'தூர்த்தன்' என்றால் காமுகன். மலையாளத்தில் மட்டும் பணத்தை வாரி இறைப்பதற்குப் பெயராகிவிட்டது. பைபிளில் சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வீடு திரும்பும் மகனின் கதையைத் தமிழில் 'கெட்ட குமாரன்' என்றும் 'ஊதாரி மைந்தன்' என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் அவன் 'தூர்த்தபுத்திரன்', இல்லாவிட்டால் 'முடியனாய புத்திரன்'. இந்த 'முடியன்' தலைமுடி சம்பந்தப்பட்டதல்ல, எல்லாவற்றையும் முடித்துக்கட்டுகிறவன்.

இன்றைக்குக் கேரள அரசியலில் இந்தச் சொல் பெரும்பாலும் அரசாங்கத்தின் மீதுதான் வீசப்படுகிறது. 2023 நவம்பர் 1 முதல் 7 வரை திருவனந்தபுரத்தில் 'கேரளீயம்' விழா நடந்தது. மம்மூட்டி, மோகன்லால், கமல்ஹாசன் எல்லோரும் தொடக்க விழா மேடையில் இருந்தார்கள். மாநிலம் நிதி நெருக்கடியில் இருந்தது. சமூகநலப் பென்ஷன் மாதக்கணக்கில் பாக்கி. காங்கிரஸ் தலைமையிலான எதிரணி விழாவைப் புறக்கணித்து, 'தூர்த்து' என்றது. அதே மாதம் 18-ம் தேதி மஞ்சேஸ்வரத்தில் 'நவகேரள சதஸ்' தொடங்கியது. முதல்வரும் அமைச்சர்களும் மாநிலம் முழுக்கச் சுற்றிவர 1.05 கோடி ரூபாயில் ஒரு பஸ். மறுபடியும் அதே சொல். தனித்தனிக் கார்களில் போவதைவிட இது செலவு குறைவுதான் என்பது அரசுத் தரப்பின் பதில்.

அந்த பஸ்ஸை மலையாள ஊடகங்கள் 'ஆடம்பர பஸ்' என்றன. இதைத் தமிழில் எழுதும்போது 'சொகுசுப் பேருந்து' என்றுதான் கை போகும். அங்கேதான் நஷ்டம். நமக்குச் சொகுசு என்றால் சாய்வு சீட்டும் ஏசியும். அதில் குற்றச்சாட்டே இல்லை. தமிழில் ஆடம்பரம் என்பது வேறு எடை கொண்டது. 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. அடுத்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் அதை வைத்தே பிரசாரம் நடந்தது. அதிமுக ஆட்சியையும் இழந்தது.

ஆர்ப்பாட்டமா, ஆர்பாடமா?

திருவனந்தபுரம் செக்ரட்டேரியட் வாசலில் கொடி பிடித்துக் கோஷம் போட்டால் நமக்கு அது ஆர்ப்பாட்டம், மலையாளத்தில் சமரம். 'ஆர்பாடம்' என்றால் படாடோபம். 'ஆர்பாடமில்லாத்த கல்யாணம்' என்றால் யாரும் கோஷம் போடாத கல்யாணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எளிமையாக நடந்தது என்று அர்த்தம். குற்றச் செய்திகளில் 'ஆர்பாட ஜீவிதம்' அடிக்கடி வரும்: திருடிய பணத்தில் ஜாலியாக வாழ்ந்தார்கள் என்பதற்கு.

திமிரும் கொழுப்பும் அங்கே திட்டில்லையா?

இந்த இரண்டும்தான் எனக்குப் பிடித்தவை. 'என்னடா, கொழுப்பா?', 'திமிரு புடிச்சவ' என்று நாம் சண்டைக்கு இழுக்கும் சொற்களை மலையாளப் பத்திரிகைகள் திருவிழாச் செய்திகளுக்கு எடுத்து வைத்திருக்கின்றன. செண்டமேளம் விழாவுக்குக் 'கொழுப்பேகி' என்றால் களை சேர்த்தது. கூட்டம் 'ஆடித்திமிர்த்து' என்றால் ஆடிக் கொண்டாடித் தீர்த்தது. ஜூன் மாதத்தில் மழைகூட 'திமிர்த்து' பெய்யும்.

நிறைவாக இருப்பது, பூரிப்பது என்ற பொருளில் மலையாளம் இந்தச் சொற்களை வைத்திருக்கிறது. தமிழிலும் 'கொழுத்த லாபம்', 'கொழு கொழு குழந்தை' என்று அதன் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேச்சில், கொஞ்சம் நிமிர்ந்து நிற்பவரைத் தட்டி உட்காரவைக்கவே பெரும்பாலும் இவை பயன்படுகின்றன. பெண்களும் சாதியில் கீழே வைக்கப்பட்டவர்களும் இதை அதிகம் கேட்டிருப்பார்கள். மேலதிகாரியைப் பார்த்து நேருக்கு நேர் 'திமிரு' என்று யார் சொல்கிறோம்?

மலையாளத்தில் அந்த வேலையை 'அஹங்காரம்' செய்கிறது. அலுவலகத்தில் விளையாட்டாகக்கூட ஒருவரைப் பார்த்து அதைச் சொல்லிவிடாதீர்கள், சுருக்கென்று தைக்கும்.

பேராசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபத்து உண்டு. மலையாளத்தில் 'ஆர்த்தி' என்றால் அடங்காத பேராசை. 'பணத்தினோடுள்ள ஆர்த்தி' என்பார்கள். ஆர்த்தி என்ற பெயருள்ள தமிழ்ப் பெண்கள் இங்கே அடையாள அட்டையைக் காட்டும்போது ஒரு புன்னகையை எதிர்பார்க்கலாம். 'கொதி' அப்படியல்ல. தமிழில் அது உலைக்கும் கோபத்துக்கும் உரியது, மலையாளத்தில் ஏக்கம். பலாப்பழத்தைப் பார்த்தும் வரும், ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்க்க நினைத்தும் வரும்.

குடிக்குப் பக்கத்தில் என்ன சொல்?

நாம் 'போதை' என்பதை இங்கே 'லஹரி' என்பார்கள். அரசின் போதை எதிர்ப்பு போஸ்டர்களிலும் அதுதான். கொள்கைச் சண்டையோ இரண்டு சொற்களுக்கு இடையில் நடந்தது: 'மத்யநிரோதனம்' என்றால் மதுவைச் சட்டம் போட்டுத் தடுப்பது, 'மத்யவர்ஜனம்' என்றால் குடிப்பவரே விலகும்படி செய்வது. 2014-ல் உம்மன் சாண்டி அரசு பார்களை மூடியது. பின்னர் வந்த இடதுசாரி அரசு 2017-ல் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களில் பார்களைத் திறந்தபோது, எங்கள் கொள்கை வர்ஜனம் என்றது. சிரிக்கும் முன் நம்ம ஊரையும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் டாஸ்மாக் வரும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.

'அபிமானம்' எப்போது ஆபத்தாகிறது?

மேனேஜர் உங்களைப் பற்றி 'அபிமானம் தோன்னுன்னு' என்றால் பாசம் பொங்குகிறது என்று அர்த்தமில்லை. பெருமையாக இருக்கிறது என்கிறார். அபிமான நட்சத்திரம், அபிமான எழுத்தாளர் என்று நாம் பிரியத்துக்குப் பயன்படுத்தும் சொல், மலையாளத்தில் தன்மானமும் பெருமிதமும் சேர்ந்தது. அது அளவு மீறினால் 'துரபிமானம்'.

2018 மே மாதம் கோட்டயத்தைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவ இளைஞர் ஒருவர், அவர் காதலித்த பெண்ணின் குடும்பத்தாரால் கடத்திக் கொல்லப்பட்டார். மலையாளச் செய்திகள் அதை 'துரபிமானக்கொல' என்று எழுதின. தமிழில் இத்தகைய கொலைகளை முன்பு 'கௌரவக் கொலை' என்றோம். கொலையில் என்ன கௌரவம் என்ற கேள்வி வலுக்க, 'ஆணவக் கொலை' வந்தது. ஆணவம் சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிடித்திருக்கும் மூன்று மலங்களில் ஒன்று. அங்கிருந்து நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டு மொழிகளும் கௌரவத்தை விலக்கிவிட்டு, கொன்றவரின் குற்றத்தையே பெயராக வைத்திருக்கின்றன. ஆங்கிலச் செய்திகளில் இன்னும் 'ஹானர் கில்லிங்' என்றுதான் வருகிறது. கோட்டயம் வழக்கில் 2019 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்த செஷன்ஸ் நீதிமன்றமும் அந்த வகைக் கொலைதான் இது என்று ஏற்று, 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது.