கண்ணாடி வளையல் நம் கைக்கு வந்த வழி



நம்ம குழுக்களில் வளையல், பொட்டு, ரிப்பன் என்று ஃபேன்ஸி சாமான் வியாபாரம் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வியாபாரம் செய்யாதவர்களும் வீட்டில் ஒரு வளைகாப்பு என்றால் நாலு டஜன் வாங்காமல் இருந்ததில்லை. கவரிங், பிளாஸ்டிக், மெட்டல் என்று எத்தனையோ வந்துவிட்டது. ஆனாலும் மாசமாக இருக்கிற பெண்ணின் கைக்குக் கண்ணாடி வளையல்தான் போடுகிறோம். அது யார் கையால், எப்படி ஆகிறது என்று மட்டும் நாம் கேட்டதில்லை. பெட்டியின் மேலே ஏதோ இந்தியில் எழுதியிருக்கும். அதோடு விட்டுவிடுவோம். நூலகத்தில் படித்ததையும் மொத்த வியாபாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். நம்ப முடியாது, ஆனால் உண்மை. வெறும் மணலை உருக்க 1700 டிகிரி அளவுக்குச் சூடு வேணும். அந்தச் சூடு பழைய காலத்து உலையில் வராது. மணலோடு சோடா உப்பைச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீர் பட்டால் கரையும். அது கரையாமல் இருக்கச் சுண்ணாம்பும் சேர்க்கணும். மணல், சோடா, சுண்ணாம்பு, இந்த மூன்றும்தான் வளையலுக்கும் ஜன்னலுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் அடிப்படை. நிறத்துக்கு உலோகச் சத்து சேர்ப்பார்கள். கோபால்ட் சேர்த்தால் நல்ல நீலம், மாங்கனீசு சேர்த்தால் கத்திரிப்பூ நிறம். மணலில் இரும்பு கலந்திருந்தால் நாம் கேட்காமலே பச்சை வந்துவிடும். பழைய பாட்டில்கள் பச்சையாக இருப்பது அதனால்தான்.

கண்ணாடியில் பாத்திரம் செய்ய ஆரம்பித்துச் சுமார் 3500 வருஷம் ஆகிறது. எகிப்திலும் இன்றைய ஈராக் பக்கத்திலும் களிமண் கலந்த ஒரு கருவைக் கம்பியில் பிடித்து, அதன் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறிய பிறகு உள்ளே இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு சின்ன சென்ட் குப்பி செய்யவே பெரும்பாடு. அதனால் அது ராஜா வீட்டுப் பொருளாகவே இருந்தது. 2000 வருஷத்துக்குச் சற்று முன்னால் சிரியா, ஜெருசலேம் பக்கத்தில் ஊதும் முறை வந்தது. நீளமான குழாயின் முனையில் கண்ணாடிக் குழம்பை எடுத்து மறுமுனையில் வாயால் ஊதினால் பலூன் மாதிரி உப்பும். அதற்குப் பிறகுதான் சாதாரண ஜனங்கள் வீட்டிலும் கண்ணாடிப் பாத்திரம் புழங்கியது.

கோலி சோடா பாட்டிலுக்குள் கோலி எப்படிப் போனது என்று சின்ன வயசில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். 1872-ல் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்தை இறுக்கி முடிப்பதற்கு முன்னாலேயே கோலியை உள்ளே போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் 1291-ல் ஓர் உத்தரவு போட்டார்கள். ஊருக்குள் உலை இருந்தால் தீப்பிடித்துவிடும், எல்லா உலையையும் பக்கத்திலிருக்கும் முரானோ தீவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தொழில் ரகசியம் வெளியே போகாமல் காப்பதற்கும் அந்தத் தீவு வசதியாகப் போயிற்று. அங்கே மரியெட்டா பரோவியர் என்று ஒரு பெண். கண்ணாடித் தொழில் செய்த குடும்பத்து மகள். 1487-ல் தனக்கென்று ஒரு சின்ன உலை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள் என்று பதிவு இருக்கிறது. பூ மாதிரி அடுக்கடுக்காக நிறம் தெரியும் ஒரு மணி வகையை அவள்தான் கண்டுபிடித்தாள் என்றும் சொல்கிறார்கள். 500 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் பெயரிலேயே உலை வைத்திருந்தாள் என்பதை நம்ம சகோதரிகள் தெரிந்துகொள்ளணும் என்றுதான் இதை எழுதினேன்.

இனி நம்ம பக்கம் வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்துக்குச் சான்று கிடைத்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மண்பானை ஓடுகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஆனால் அங்கே கண்ணாடி மணியும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. நாம் பாசிமணி என்று சொல்கிறோமே, அதேதான். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, எல்லா நிறத்திலும் உண்டு. 2000 வருஷத்துக்கு முன் இங்கே பாசி செய்யும் பட்டறைகள் நடந்திருக்கின்றன. இந்த வகைப் பாசி தென்கிழக்கு ஆசியாவிலும் கொரியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைத்திருக்கிறது. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற ஆராய்ச்சியாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பாசிகளைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதைத் திருப்பதி பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரை வைத்துப் புரிந்துகொண்டார்கள். அங்கே பரம்பரையாகப் பாசி இழுத்து வந்தார்கள். ஒரு நீள இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகச் சேர்த்து, நடுவில் துளை விட்டு, உலைக்குள் நீட்டி வைப்பார்கள். உலைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் அந்த முனையைப் பிடித்து இழுப்பார். இழுக்க இழுக்க உள்ளே ஓட்டையோடு மெல்லிய குழல் வந்துகொண்டே இருக்கும். நாம் நூல் திரிப்பது மாதிரிதான், ஆனால் நெருப்பில். அது அறுந்துவிடாமல் மணிக்கணக்கில் இழுக்கணும். பிறகு அந்தக் குழல்களைப் பொடிப்பொடியாக நறுக்குவது பெண்கள் வேலை. நறுக்கியதைச் சாம்பலோடு கலந்து திரும்பச் சூடு காட்டினால் கூர் முனை மழுங்கி உருண்டையாகும். ஓட்டைக்குள் சாம்பல் அடைத்திருப்பதால் ஓட்டை மூடிப்போகாது. கோர்ப்பதும் பெண்கள்தான்.

பாசி இப்படி என்றால் வளையலின் கதை வேறு. தமிழில் வளை என்றால் சங்கு என்றும் அர்த்தம், கையில் போடும் வளையல் என்றும் அர்த்தம். ஏனென்றால் நம் முன்னோர் போட்டது சங்கை அறுத்துச் செய்த வளையல். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சிந்து சமவெளியில் மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண் சிலைக்கு இடது கை முழுக்க வளையல். அது 4500 வருஷப் பழசு. அப்போது கண்ணாடி வளையல் கிடையாது, சங்கு, சுட்ட மண் போன்றவைதான். கண்ணாடி வளையல் பிறகுதான் வந்தது.

பழைய கண்ணாடி வளையலில் ஒட்டு இருக்காது. இரும்புக் கம்பியில் ஒரு பொட்டுக் கண்ணாடியை எடுத்து, நடுவில் குத்தி, மண் கூம்பில் மாட்டிச் சுழற்றுவார்கள். சுழல ஓட்டை பெரிசாகி வளையமாகிவிடும். ஒன்று ஒன்றாகத்தான் செய்ய முடியும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தத் தொழிலுக்கு அடி விழுந்தது. இன்றைய செக் நாட்டில் யாப்லோனெட்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அப்போது அது ஆஸ்திரிய ராஜ்ஜியத்தில் இருந்தது. அங்கிருந்து நம்ம பெண்கள் கைக்கென்றே வளையல் செய்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். வளையல் என்பதே போடாத ஊரில் நமக்கு வளையல் செய்தார்கள் என்றால் எவ்வளவு லாபம் இருந்திருக்கணும்!

அந்த நேரத்தில் மகாராஷ்டிராவில் ஒரு காரியம் நடந்தது. இது நம்ம சேமிப்பு மாதிரியே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தாஜி தாமோதர் காலே என்பவர் ஊர் ஊராகப் போய், வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு பைசா கொடுங்கள், நாம் சுதேசித் தொழில் தொடங்கலாம் என்று கேட்டார். பைசா நிதி என்று பெயர். பலர் கேலி செய்திருப்பார்கள், நம்மை 'பத்து ரூபாய் சேர்த்து என்ன ஆகப்போகுது' என்று கேட்ட மாதிரி. பால கங்காதர திலகர் ஆதரவு கொடுத்தார். அந்தப் பைசாக்களைக் கொண்டு 1908-ல் புனே பக்கத்தில் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். வெளிநாடு போய்ப் படித்துவந்த ஈஸ்வர்தாஸ் வார்ஷ்ணே அதை நடத்தினார். அங்கே தொழில் கற்றவர்கள் நாட்டின் பல மூலைகளில் கண்ணாடி ஆலைகளுக்குப் போனார்கள். 1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் எதிரி நாடான ஆஸ்திரியாவிலிருந்து வளையல் வருவது நின்றது. ஜப்பான் வளையல் உள்ளே வந்தது. ஆனால் நம் நாட்டு உலைகளுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது.

அப்படி வளர்ந்த ஊர்தான் பிரோசாபாத். உத்தரப்பிரதேசத்தில், ஆக்ராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாம் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெயர்தான் இருக்கும்.

அங்கே ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. உலையில் உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் எடுத்து, வேறு நிறத்தை மேலே ஏற்றி, கட்டியாக உருட்டி, அடுத்த உலையில் திரும்பக் காய்ச்சுகிறார்கள். பிறகு அதிலிருந்து நூலாக இழுத்து, சுழலும் இரும்பு உருளையில் சுற்றுகிறார்கள். அந்த உருளைக்கு அங்கே பேலன் என்று பெயர், சப்பாத்திக் குழவிக்கும் அதே பெயர்தான். சுருள் கம்பி மாதிரி வரும். அதைக் கழற்றி நீளவாட்டில் ஒரு கீறு கீறினால் நூற்றுக்கணக்கில் வளையம் உதிரும். ஆனால் ஒவ்வொன்றும் வாய் திறந்திருக்கும். சுருளிலிருந்து வந்ததால் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே நிற்கும்.

ஆலை வேலை இத்தோடு முடிந்தது. இனி வீட்டு வேலை. 300-க்கு மேற்பட்ட வளையங்களைக் கயிற்றில் கட்டித் தோடா என்று ஒரு கட்டாக்கி, வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக வீடுகளில் இறக்குகிறார்கள். ஒரு வீட்டில் சதாய் நடக்கும், அதாவது வளையத்தைச் சூடு காட்டி இரண்டு முனையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. இன்னொரு வீட்டில் ஜுடாய், சின்னத் தீச்சுடரில் முனைகளை இளக்கி ஒட்ட வைப்பது. இரண்டிலும் பெண்கள்தான் அதிகம். உங்கள் கையில் இருக்கிற வளையலை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், ஒரு இடத்தில் மேடாகத் தட்டும். அதுதான் அந்த ஒட்டு. பிறகு பூ வெட்டுவது, தங்கப் பூச்சு வைப்பது, ஜிகினா ஒட்டுவது என்று வளையல் வீடு வீடாகப் போகிறது.

ஒட்டும்போது காற்றாடி போட முடியாது. சுடர் ஆடினால் ஒட்டு கோணிப்போகும். வடநாட்டு வெயிலில், கதவை அடைத்து, கண்ணுக்கு நேரே நெருப்பை வைத்துக்கொண்டு உட்காரணும். நாள் முழுக்க சுடரையே பார்ப்பதால் கண் கெடும், விரல் சுடும், புகை நெஞ்சில் இறங்கும். கூலி தோடா கணக்கு. உடைந்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். கரண்டும் கேஸும் வீட்டுக்காரர் செலவு.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருந்தது. தாய் ஒட்ட, பிள்ளை எடுத்துக்கொடுக்க, வீட்டுக்குள் நடப்பதை யாரும் கேட்கவில்லை. 2016-ல்தான் ஆபத்தான வேலையில், சொந்த வீட்டுத் தொழிலாக இருந்தாலும், குழந்தையை விடக்கூடாது என்று திருத்தினார்கள். ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் அளவு கூலி பெரியவர்களுக்குக் கிடைத்தால் பிள்ளை ஏன் அங்கே உட்காரப்போகிறது என்பது என் கேள்வி.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது. தாஜ்மஹாலின் வெள்ளைக் கல் புகையால் மங்குகிறது, அதனால் சுற்று வட்டாரத்துத் தொழில்களில் நிலக்கரி எரிக்கக்கூடாது என்று. பிரோசாபாத்தும் அந்த வட்டாரத்துக்குள் இருப்பதால் அங்கே உலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. நல்லதுதான். கல்லுக்குப் புகை ஆகாது என்று நாடே பேசியது. வீட்டுக்குள் சுடர் முன்னால் இருக்கிற பெண்ணின் கண்ணைப் பற்றி அந்த அளவு பேச்சு எழவில்லை.

வீட்டிலிருந்தே கூலிக்கு வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகள்தான் என்று பேசியது நம் நாட்டுப் பெண்கள்தான். 1972-ல் அகமதாபாத்தில் இளா பட் தொடங்கிய சேவா சங்கம் பீடி சுற்றுகிறவர்கள், துணி தைக்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. உலக அளவில் பல சங்கங்களோடு சேர்ந்து போராடி, 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் வீட்டு வேலையாளர்களுக்கென்று 177-ஆம் எண் ஒப்பந்தம் நிறைவேறியது. ஆலையில் செய்கிற தொழிலாளிக்கு என்ன நியாயமோ, கூலியிலும் பாதுகாப்பிலும் பிரசவ உதவியிலும் அதுவே வீட்டில் செய்கிறவளுக்கும் கிடைக்கணும் என்கிறது அது. அந்த ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. நம்ம கடன் விண்ணப்பத்திலும் பூக்கட்டுகிற அக்காவும் பீடி சுற்றுகிற அக்காவும் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்கள்.