மேக்கின் பிடிவாதமும் ஒரு கட்டளையின் சரித்திரமும்

1999ஆம் வருஷம் ஜூலை மாதம் நியூயார்க் மேக்வேர்ல்ட் கண்காட்சியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் என்ற மேக் மடிக்கணினியைக் கையில் ஏந்தி, அதில் கம்பி எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று சபையோருக்கு நிரூபிக்க, ஒரு பெரிய வளையத்தை அதைச் சுற்றி நுழைத்துக் காட்டினார். ஜாலவித்தைக்காரரின் உபாயந்தான், ஆயினும் லூசென்ட் கம்பெனியாரின் தொழில்நுட்பத்தில் அமைந்து, விநாடிக்கு 11 மெகாபிட் வேகத்தோடு 99 டாலருக்கு விற்ற ஏர்போர்ட் கார்டு, சாமானியர் வீடுகளுக்குள் வைஃபை பிரவேசிக்கப் பெரிதும் காரணமாயிற்று.

வீட்டுக்கு ஒரு நெட்வொர்க் என்றிருந்தவரை தொல்லையில்லை. ஆபீஸிலும் காபிக் கடையிலும் மாடியறையிலும் வெவ்வேறு பெயருள்ளவை பெருகிய பின்னரே மேக்கின் சுபாவம் வெளிப்பட்டது. ஒரே பெயரில் பல ரூட்டர்கள் இருப்பின், சிக்னல் மைனஸ் 75 டிபிஎம்முக்குக் கீழே இறங்கியதும் வேறொன்றைத் தேடிச் செல்லும் அந்த யந்திரம், பெயர்கள் வேறாயின், பலமான நெட்வொர்க் பக்கத்திலேயே இருந்தாலும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் போல, அறுந்து போகும்வரை பழையதையே பற்றிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் உபயோகிப்போரே. சிஸ்டத்தின் அந்தரங்கப் பகுதியில், ஏழு ஃபோல்டர்களுக்கு உள்ளே, எஞ்சினியர்களின் சொந்த சௌகரியத்துக்காக வைக்கப்பட்டது போலக் கிடந்த 'ஏர்போர்ட்' என்ற கட்டளையை டெர்மினலில் '-ஐ' சேர்த்து இயக்கினால், சிக்னலின் பலம், இரைச்சல், சேனல், நெட்வொர்க்கின் பெயர் யாவும் வரிவரியாக வந்து விழும். அவற்றுள் பலத்தைக் குறிக்கும் எண்ணைப் பொறுக்கியெடுத்து, அது குறைந்திருந்தால் 'நெட்வொர்க்செட்டப்' கட்டளையால் வேறொன்றுக்குத் தாவும்படி நாலைந்து வரி ஸ்கிரிப்ட் எழுதி, 2005இல் மேக் சிஸ்டத்தின் டைகர் பதிப்போடு வந்த லாஞ்ச்டி என்ற சேவை நிமிஷத்துக்கொரு முறை அதை ஓட்டும்படி ஏற்பாடு செய்தார்கள். கடவுச்சொல்லை அந்த ஸ்கிரிப்டிலேயே பகிரங்கமாக எழுதிவைத்த அசட்டுத் துணிச்சலை மட்டும் மெச்சுவதற்கில்லை. ஈதர்நெட் துவாரமில்லாத மெல்லிய மாடல்களில் வைஃபை 'இஎன்1' என்ற ஸ்தானத்தை விட்டு 'இஎன்0' ஆனபோது, பழைய ஸ்தானத்தையே குறிப்பிட்டிருந்த ஸ்கிரிப்டுகள் பலவும் காரணம் தெரியாமல் ஸ்தம்பித்தன.

2011இல் மெனுவில் ஏர்போர்ட் என்ற பெயர் வைஃபை என்று மாறியது. 2018இல் அப்பெயர் தாங்கிய ரூட்டர்களின் விற்பனைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. கட்டளை மாத்திரம் தப்பிப் பிழைத்து, 2024இல் சிஸ்டத்தின் சோனோமா 14.4 பதிப்பு வந்தபோது, 'டபிள்யூடியூட்டிலை உபயோகியுங்கள்' என்ற அறிவிப்பைத் தவிர வேறொன்றும் சொல்லாத ஊமையாயிற்று. அந்தப் புதிய கருவியோ நிர்வாகி அதிகாரமின்றி விவரம் தராது. பிற்பாடு நெட்வொர்க்கின் பெயரையும் மறைத்தே காட்டலாயிற்று.