புச்சி பாபு கிரிக்கெட் போட்டி

புச்சி பாபு கிரிக்கெட் போட்டி, ரஞ்சிக் கோப்பைப் பருவம் தொடங்குவதற்கு முன் தமிழ்நாட்டில் நடைபெறும் அகில இந்திய அழைப்புப் போட்டியாகும். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் இப்போட்டியில் மாநில அணிகள் சிவப்புப் பந்தில் பல நாள் ஆட்டங்களை ஆடுகின்றன. இதற்கு முதல்தரத் தகுதி கிடையாது. இங்கே அடிக்கும் சதம் ஆட்டக்காரரின் முதல்தரக் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் ரஞ்சி அணித் தேர்வுக்கு முன் தேர்வாளர்களின் கண்ணில் படுவதற்கு இதைவிட நல்ல களம் குறைவு. 1909இல் சென்னை நகரப் போட்டியாகத் தொடங்கிய இது, 1934இல் பிறந்த ரஞ்சிக் கோப்பையைவிடக் கால் நூற்றாண்டு மூத்தது.

பெயரும் பின்னணியும்

புச்சி பாபு என்பது மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடுவின் (1868–1908) செல்லப்பெயர். இவர் பாரி நிறுவனத்தின் துபாஷாக (மொழிபெயர்த்து வணிகத்தை இடைநின்று நடத்துபவராக) இருந்து செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர். மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய தோட்டவீட்டில் வாழ்ந்தார். சிறுவயதிலேயே சேப்பாக்கத்தில் ஆங்கிலேயர் ஆடும் கிரிக்கெட்டைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

1846இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அங்கே ஆட வந்த இந்தியர் பெவிலியனுக்குள் நுழைய முடியாது. மதிய உணவை மரத்தடியில்தான் உண்ண வேண்டும். இந்த அவமதிப்புக்கு விடையாக 1888இல் புச்சி பாபு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். எஸ்பிளனேடில் அதற்கு ஆடுகளம் அமைந்தது. மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து, பண வசதியற்ற இளைஞர்களையும் அவர் களத்துக்குக் கொண்டுவந்தார். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவர் அழைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

ஐரோப்பியரும் இந்தியரும் சரிசமமாக மோதும் ஆட்டம் ஒன்றுக்கு அவர் ஏற்பாடு செய்தார். 1908இல் அது நடைபெறுவதற்குச் சற்று முன் இறந்துபோனார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வளர்ந்த பிரசிடென்சி ஆட்டம், 1915–16 முதல் 1951–52 வரை முதல்தர ஆட்டமாக நீடித்தது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்ததால் சென்னை மக்கள் அதைப் பொங்கல் மேட்ச் என்றார்கள்.

தொடக்கம்

புச்சி பாபு மறைந்த மறு ஆண்டில், அவருடைய பிள்ளைகள் தந்தையின் நினைவாக இப்போட்டியைத் தொடங்கினார்கள். முதலில் இது சென்னைக் கிளப்புகளுக்குள் நடந்த நகரப் போட்டியாகவே இருந்தது. பிள்ளைகளும் சொந்தமாகவே பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள். அவர்களில் தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போன கோட்டா ராமசாமி, 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் தம் 40ஆம் வயதில் டெஸ்ட் களம் கண்டார். மான்செஸ்டரில் 40, 60; ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41 என நான்கு இன்னிங்ஸிலும் நின்று ஆடினார். அதன்பின் அவருக்கு வேறு டெஸ்ட் வாய்க்கவில்லை.

அகில இந்தியப் போட்டியாதல்

1960களில் புச்சி பாபு போட்டி அகில இந்திய அழைப்புப் போட்டியாக விரிந்தது. பிற மாநில அணிகளோடு ஸ்டேட் வங்கி போன்ற நிறுவன அணிகளும் சென்னைக்கு வந்தன. அந்நாளில் பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு வங்கிகளும் ஆலைகளும்தான் வேலை கொடுத்தன. அதனால் நிறுவன அணிகளும் மாநில அணிகளுக்குச் சளைத்தவையாக இருக்கவில்லை.

சென்னை இதற்கு வாகாக அமைந்ததில் வானிலைக்கும் பங்குண்டு. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை மும்பை மைதானங்களைச் சேறாக்கியிருக்கும். மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கும் தமிழ்நாட்டில் பகலில் வெயில் காயும், மாலையில் இடிமழை வந்தாலும் களம் விரைவில் உலரும். சென்னையைப் புரட்டிப்போடும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். இந்த இடைவெளியில் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் அணிகள் உலர்ந்த களத்தில் பயிற்சி பெற்றன. புழுக்கத்தில் நாள் முழுதும் களத்தில் நின்று பழகுவதும் சுழற்பந்தைச் சமாளிப்பதும் அவற்றுக்குக் கூடுதல் பாடம்.

போட்டியின் போக்கு

புள்ளியும் கோப்பையும் உண்டென்றாலும், ஓர் அணித்தலைவர் இங்கே ரஞ்சியில் செய்யத் துணியாததைச் செய்து பார்க்கலாம். புதுப்பந்தை அறிமுக வீரரிடம் கொடுக்கலாம். ஆறாம் இடத்தில் ஆடுபவரைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கலாம். காயத்திலிருந்து தேறியவருக்கு நீண்ட ஸ்பெல் கொடுத்து உடல் தாங்குகிறதா என்று பார்க்கலாம். போட்டியை நடத்தும் சங்கம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்க லெவன், தலைவர் லெவன் என இரு அணிகளை இறக்குவதுண்டு. இதனால் இரண்டு மடங்கு உள்ளூர் இளைஞர்கள் வெளிமாநில அணிகளை எதிர்கொள்கிறார்கள்.

ஒத்த போட்டிகள்

ஹைதராபாத்தில் 1930–31இல் தொடங்கிய மொயின்-உத்-தௌலா தங்கக் கோப்பை, கர்நாடகத்தின் திம்மப்பையா நினைவுப் போட்டி ஆகியவை இதே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் மொயின்-உத்-தௌலா ஒரு காலத்தில் முதல்தரத் தகுதியோடு இருந்தது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே 1952–53இல் தொடங்கிய எம். ஜே. கோபாலன் கோப்பை வேறு வகையானது: இரண்டு அணிகள் மட்டும் மோதிய ஆண்டு ஆட்டம். டெஸ்ட் தகுதி கிட்டாத காலத்தில் இலங்கை வீரர்களுக்கு முதல்தர அனுபவம் தந்த மேடைகளில் அதுவும் ஒன்று.

வெளிநாட்டில் புச்சி பாபு போட்டிக்கு நெருங்கிய ஒப்புமை அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுத் தொடக்கத்தில், தேசிய லீக்குக்கு முன், கவுண்டி அணிகள் மாகாணவாரியாக மோதுகின்றன. அல்ஸ்டரில் மக்கென்னா கோப்பை, லெயின்ஸ்டரில் ஓ'பர்ன் கோப்பை, மன்ஸ்டரில் மக்ராத் கோப்பை என ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. ஆட்ட நாட்காட்டி நெருக்கடியால் 2025இல் இவை நடத்தப்படவில்லை.

இடைவெளியும் மீட்சியும்

சென்னையும் அதே நாட்காட்டி நெருக்கடியைச் சந்தித்தது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதும், கோடை முடிந்த மாதங்கள் இருபது ஓவர் ஆட்டத்துக்குப் போயின. 2017க்குப் பின் புச்சி பாபு போட்டி நின்றது. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023இல் மீண்டபோது, சென்னையை விட்டுக் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் ஆகிய இடங்களுக்குப் பரவியது. இறுதியாட்டத்தில் டெல்லியை வென்று மத்தியப் பிரதேசம் கோப்பையைக் கைப்பற்றியது.

2024இல் 12 அணிகள் நான்கு பிரிவுகளாக ஆடின. அந்த ஆண்டு இந்திய கிரிக்கெட் வாரியம் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுவதை வலியுறுத்தி வந்தது. வாரிய ஒப்பந்தத்தை இழந்திருந்த இஷான் கிஷன், ஜார்க்கண்ட் அணித்தலைவராகத் திருநெல்வேலியில் களமிறங்கினார். மத்தியப் பிரதேசத்துக்கு எதிராக 107 பந்துகளில் 114 ஓட்டங்கள் குவித்தார். இரண்டாம் இன்னிங்ஸில் இரண்டே விக்கெட் கையிலிருக்க, இரண்டு சிக்ஸர்களால் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். மும்பை அணிக்காகக் கோவையில் ஆடிய சூர்யகுமார் யாதவுக்கோ பீல்டிங்கின்போது கையில் அடிபட்டது. அதனால் அடுத்து வந்த துலீப் கோப்பையின் முதல் சுற்றை அவர் தவறவிட்டார். நத்தத்தில் நடந்த இறுதியாட்டத்தில் சத்தீஸ்கரை 243 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி ஹைதராபாத் வாகை சூடியது.

2025இல் போட்டி சென்னைக்குத் திரும்பியது. 16 அணிகள் பங்கேற்றன. ருதுராஜ் கெய்க்வாட், சர்பராஸ் கான் போன்றோர் சதமடித்தனர். அந்த ஆண்டு துலீப் கோப்பை ஆகஸ்ட் இறுதியிலேயே தொடங்கியதால், இரு போட்டிகளின் நாட்களும் ஒன்றோடொன்று மோதின. துலீப் அணிகளுக்குத் தேர்வானவர்கள் பாதியில் விடைபெற, அவர்களின் இடம் மாநில அணிகளின் அடுத்த வரிசை வீரர்களுக்குக் கிடைத்தது.